சுத்தி வந்தா ஐம்பத்தெட்டு

— ஐம்பத்தெட்டு அடின்னு சொன்னா எப்படிங்க? அது ரூமோட இடுப்பு அளவு. நான் கேட்டது வயித்துக்குள்ள எவ்வளவு கொள்ளும்னு.

— இடுப்பு தெரிஞ்சா வயிறு தெரியாதா டீச்சரம்மா? மீசை முளைச்ச நாள்லேர்ந்து வேலி போடுறேன். எவன் இடமா இருந்தாலும் சரி, கயிறோட ஒரு தடவ சுத்தி வந்துட்டா முடிஞ்சுது.

— வேலிக்கு முடிஞ்சுது. பிள்ளைங்க என்ன வேலி மேலயா படுத்துத் தூங்குது? மூணு மணிக்கு ஆபீசர் வர்றாங்க. காப்பகத்துக்கு அனுமதி குடுக்கலாமா வேணாமான்னு தரையப் பாத்துதான் சொல்வாங்க. ஒரு பிள்ளைக்கு இருபது சதுர அடி காலித் தரை இருக்கணும். எழுதிக் குடுத்த கணக்குல ஒரு பிள்ளைக்கு இடம் குறைஞ்சாலும் மொத்தக் காப்பகத்தையும் மூடிடுவாங்க. விளையாட்டு இல்ல.

— ஞாயித்துக்கிழமை கூட ஆபீசர் வருவாங்களா?

— பிள்ளைங்க இல்லாத நாளா பாத்து நான்தான் வரச் சொன்னேன். பேச்சு அப்புறம். கீழ பாருங்க. இந்தக் கல்லு ஒவ்வொண்ணும் நீளத்துல ஒரு அடி, அகலத்துல ஒரு அடி. ரூமுல எத்தன கல்லோ அத்தன சதுர அடி.

— அட, இவ்வளவுதானா? எண்ணிட்டா போச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு...

— எண்ணுங்க, எண்ணுங்க.

— நாப்பத்தி ஒண்ணு, நாப்பத்தி ரெண்டு... இந்த பொம்மைப் பெட்டிக்குக் கீழ ஒரு கல்லா, ரெண்டா? இதுக்கு முன்னாடி எத்தன சொன்னேன்?

— பாத்தீங்களா? ஆபீசர் வந்து போன பிறகும் எண்ணிக்கிட்டே இருப்பீங்க. குறுக்கால ஒரே ஒரு வரிசைய எண்ணுங்க.

— ஏழு.

— அந்தக் கதவு வரைக்கும் இந்த மாதிரி எத்தன வரிசை?

— இரு... இருபத்திரெண்டு.

— ஏழு ஏழா இருபத்திரெண்டு தடவ. பெருக்குங்க.

— இருபதேழு நூத்தி நாப்பது. ரெண்டேழு பதினாலு. நூத்தி ஐம்பத்தி நாலு.

— அவ்வளவுதான். முட்டி தேய எண்ண வேணாம். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினா மொத்தக் கல்லும் வந்து கையில நிக்கும். இதுல இருபது இருபதா எத்தன?

— ஏழு பேருக்கு நூத்தி நாப்பது போச்சு. மிச்சம் பதினாலு. ஏழே முக்கால்னு வெச்சுக்கயேன்.

— முக்கால் பிள்ளைய எந்தத் தாய்கிட்டேர்ந்து வாங்குறது? ஏழுதாங்க. நம்மகிட்ட வர்றது ஒன்பது. உங்க பேச்ச நம்பி இத்தன நாளா இந்த நீட்டு ரூமுல அடைச்சு வெச்சிருக்கேன்.

— என் பேச்சுல என்ன குத்தம்? அந்தக் கம்பி ரூமும் சுத்தி வந்தா ஐம்பத்தெட்டுதான். ரெண்டும் ஒரே அளவுன்னுதான் நம்ம வீட்டுல ஒண்ண உனக்கு விட்டேன், ஒண்ணுல என் சரக்க வெச்சேன். ஒரு அடி கூட ஏமாத்தல.

— வாங்க, அந்த ரூமையும் அளப்போம்.

— அங்க என்னத்துக்கு? அங்க முள்கம்பி கிடக்கு, தூணு கிடக்கு. புடவை கிழிஞ்சா என்னைத் திட்டுவ.

— கிழிஞ்சா தைச்சுக்குவேன். டேப்பு முனையப் பிடிங்க. அந்த மூலைக்குப் போங்க. கம்பிச் சுருளத் தாண்டிப் போங்களேன், ஒண்ணும் ஆகாது.

— ஸ்ஸ்... ஆகாதுன்னு சொன்னியே, கால்ல குத்திடுச்சு.

— ரத்தம் வரலல்ல? எவ்வளவு?

— பதினஞ்சு. இந்தப் பக்கம்... பதினாலு.

— பெருக்குங்க.

— பதினஞ்ச பத்தால பெருக்கினா நூத்தி ஐம்பது. பதினஞ்சு நாலு அறுபது. இருநூத்திப் பத்து. இரு, இரு. டேப்பு எங்கயோ மடங்கியிருக்கு.

— உங்க டேப்புதாங்க. நீங்களே மறுபடி பிடிங்க.

— பதினஞ்சு. பதினாலு. அது எப்படிடீ? அங்க நூத்தி ஐம்பத்தி நாலு, இங்க இருநூத்திப் பத்து. நான் சுத்தி வந்தது ரெண்டும் ஐம்பத்தெட்டு!

— உங்க பாஷையிலயே சொல்றேன். ஐம்பத்தெட்டு அடிக் கம்பி உங்ககிட்ட இருக்கு. ஒரே ஒரு அடி அகலத்துல நீட்டமா வேலி போடுங்க. நீளம் எவ்வளவு வரும்?

— ரெண்டு தலைப்புக்கும் ஒவ்வொரு அடி போச்சுன்னா, மிச்சம் ஐம்பத்தாறு. பக்கத்துக்கு இருபத்தெட்டு.

— இருபத்தெட்டு அடி நீளம், ஒரு அடி அகலம். உள்ள எவ்வளவு தரை?

— இருபத்தெட்டுதான். அடக் கடவுளே, அதுக்குள்ள ஒரு மனுஷன் திரும்பிக் கூட படுக்க முடியாதே.

— அதே கம்பி. அதே ஐம்பத்தெட்டு. ஒல்லியாக ஒல்லியாக உள்ள தரை கரைஞ்சு போகும். சதுரத்துக்குக் கிட்ட வர வர விரியும்.

— அப்ப அந்த ஆட்டுக்காரர்...

— எந்த ஆட்டுக்காரர்?

— முன்ன ஒருத்தருக்கு ரெண்டு பட்டி போட்டுக் குடுத்தேன். ரெண்டுக்கும் ஒரே நீளக் கம்பி. வாய்க்கா ஓரத்துல போட்டது நீட்டமா போச்சு. "இதுல ஆடு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது, நீ கம்பியத் திருடிட்ட"ன்னு கத்தினாரு. எனக்கு வந்தது பாரு கோவம்! கம்பிய அவுத்து அவர் முன்னாடியே அளந்து காமிச்சேன். சரியா இருந்துது. மனுஷன் வாயடைச்சுப் போயிட்டாரு.

— பாவம், ஆடு என்ன பண்ணுச்சு?

— ஆட்ட நான் கேக்கலயே.

— சிரிக்காதீங்க. மணி ஓடுது. பிள்ளைங்க இந்த ரூமுக்கு வரணும். கம்பியெல்லாம் பின்னாடி கொட்டகைக்குப் போகணும்.

— என்னது? இது ரூமு இல்லடீ, என் கடை. வாசல்ல நின்னு எட்டிப் பாத்தா சரக்கு கண்ணுல படணும். கொட்டகைல தகரம் ஒழுகுது, கம்பி துரு ஏறிடும்.

— கம்பி துரு ஏறினா வேற கம்பி வரும். ஒன்பது பிள்ளைங்களோட அம்மாமாருங்க நாளைக்குக் காலையில என் வாசல்ல வந்து நிப்பாங்க. "இடமில்ல, கூட்டிட்டுப் போங்க"ன்னு அவங்க முகத்தப் பாத்து என்னால சொல்ல முடியாது. நீங்க சொல்றீங்களா?

— நானா? அந்தப் பேக்கரிக்கார அம்மா என்னை அடுப்புல வெச்சிடுவாங்க.

— அப்ப தூக்குங்க.

— மகாராணி உத்தரவு. தள்ளு, அந்தச் சுருள நீ தொடாத, முள்ளு. நான் உருட்டுறேன். அந்தத் தூணுங்கள ரெண்டு ரெண்டா எடுத்துக்க.

— ம்.

— அப்பாடா. இடுப்பு போச்சு. இந்த ரூமு இவ்வளவு பெருசுன்னு இப்பத்தான் தெரியுது. போதுமா?

— சுவரோரமா அந்த ராக்கு?

— ராக்கத் தொடாத. கிளாம்பு, கம்பி இழுக்கிற வின்ச்சு, சங்கிலி, என் பொழப்பு மொத்தமும் அதுலதான் இருக்கு. பிள்ளைங்க கைக்கு எட்டாம மேல் தட்டுல ஏத்தி வெச்சிடுறேன்.

— எவ்வளவு நீளம் அது?

— பத்து அடி. ஆழம் ரெண்டு அடி. எல்லாம் இரும்பு ஆங்கிள். யானை ஏறினாலும் தாங்கும்.

— பத்து ரெண்டு இருபது. சுவத்துல பிடிச்சு வெச்சதெல்லாம் காலித் தரைல சேராது, கழிச்சிடுவாங்க. இருநூத்திப் பத்துல இருபது போனா நூத்தித் தொண்ணூறு.

— நூத்தித் தொண்ணூறுல... ஒன்பதுக்கு நூத்தி எண்பது. பத்து மிச்சம். ஒன்பது பேருக்குத் தாராளம்! பாத்தியா, ராக்கு இருந்தாலும் கணக்கு நிக்குது. எனக்கே பெருக்கல் ருசிச்சுப் போச்சு. காப்பி போடு.

— நிக்கலங்க.

— என்ன நிக்கல?

— நேத்து சாயங்காலம் நான் பத்துன்னு மாத்தி எழுதிக் குடுத்திருக்கேன்.

— வர்றது ஒன்பது. பத்துன்னு ஏன் எழுதின?

— நாளைலேர்ந்து பத்து.

— யாரு அந்தப் பத்தாவது?

— ஒரு பொண்ணு. மூணு வயசு.

— யார் வீட்டுப் பொண்ணு? ஏன் ராக்கையே பாத்துக்கிட்டு நிக்கிற? என்னைப் பாத்துச் சொல்லு.

— உங்க தம்பி பொண்ணு.

— என் வீட்லயா?

— மெதுவாப் பேசுங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் அவங்க ரூமு.

— கேக்கட்டும்! நல்லாக் கேக்கட்டும்! யாரைக் கேட்டு எழுதின? அவன் பேர எடுத்தாலே எனக்கு வயிறு எரியுதுன்னு தெரியும்ல? அவன் பிள்ளைக்கு இங்க இடமில்ல. நான் சொல்லல, நீ போட்ட கணக்கே சொல்லுது. நூத்தித் தொண்ணூறு. ஒன்பதுதான். அந்தப் பேர அடிச்சிடு.

— அடிக்க மாட்டேன்.

— அடிடீங்கிறேன்.

— நீங்க எத்தன தடவ சொன்னாலும் மாட்டேன். கத்தி முடிச்சுட்டீங்கன்னா நான் பேசறேன். ஓரகத்திக்கு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு, காலை ஷிப்ட்டு. பிள்ளைய விட ஆள் இல்லாம உங்க தம்பி வேலி போடற இடத்துக்கே தூக்கிட்டுப் போறாரு. வெயில்ல, கம்பிச் சுருளு மேல கோணி போட்டு உக்கார வெக்கிறாரு. முந்தாநாள் அது இறங்கறப்ப முள்கம்பியப் பிடிச்சிருக்கு.

— ...எந்தக் கை?

— வலது கை. உள்ளங்கை ரெண்டாப் பொளந்திருக்கு. தையல் போட்டிருக்காங்க. நேத்து கொல்லைப் பக்கம் துணி காயப் போடறப்ப, கட்டுப் போட்ட கையத் தூக்கிக் காமிச்சு "பெரியம்மா, பாப்பாவுக்கு உவ்வா"ங்குது. எனக்கு அழுகை வந்துடுச்சு. அங்கயே ஓரகத்திகிட்ட சொல்லிட்டேன், "திங்கக்கிழமைலேர்ந்து என்கிட்ட விடு"ன்னு. வாக்குக் குடுத்துட்டேங்க. இனிமே மாத்த மாட்டேன்.

— எனக்குத் தெரியாம.

— தெரிஞ்சா விட்டிருப்பீங்களா?

— மாட்டேன். பிள்ளை பாவம்தான், இல்லன்னு சொல்லல. மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அவன் என்னை என்ன சொன்னான்னு மறந்துட்டியா? கூடப் பொறந்தவன். நான் தோள்ல தூக்கி வளத்தவன். அத்தன சொந்தக்காரங்களுக்கு முன்னாடி, "அண்ணன் என் பங்குல கை வெச்சிட்டாரு"ன்னான். என்னை! அன்னிக்குப் பேச்ச நிறுத்தினேன்.

— எனக்குத் தெரியும்.

— உனக்கு என்ன தெரியும்? நீ அடுப்படியில இருந்த. அப்பா போன பிறகு வீட்ட ரெண்டாப் பிரிக்கச் சொன்னாங்க. யாரையும் கூப்பிடல, நானே கயிறு பிடிச்சேன். அவனையும் ஒரு முனையப் பிடிக்க வெச்சேன். நம்ம பக்கம், நாப்பதுக்கு முப்பது. சுத்தி வந்தா நூத்தி நாப்பது. அவன் பக்கம், ஐம்பதுக்கு இருபது. சுத்தி வந்தா நூத்தி நாப்பது. ஒரு விரல்கடை கூட வித்தியாசம் இல்ல. எல்லாரும் தலையாட்டினாங்க. இவன் மட்டும், "இல்ல, என் பக்கம் சின்னதா இருக்கு, கண்ணாலயே தெரியுது"ன்னு நின்னான். "கயிறு பொய் சொல்லுமாடா"ன்னு கேட்டேன். நீயே சொல்லு, நான் கேட்டது தப்பா? சொல்லேன். இவ்வளவு நேரம் வாய் ஓயல, இப்ப ஏன் டேப்ப என்கிட்ட நீட்டுற?

— நான் ஒண்ணும் சொல்லலங்க.

— ஏன் சொல்லல?

— நான் சொல்லிக் கேக்க வேணாம். நீங்களே பெருக்கிப் பாருங்க.

— எதை? நாப்பதையும் முப்பதையுமா? நாமூணு... நாப்பது முப்பது, ஆயிரத்தி இருநூறு.

— அவர் பக்கம்?

— ஐம்பது இருபது...

— ம்.

— ஆயிரம்.

— உக்காருங்க. தண்ணி கொண்டு வரவா?

— ஆயிரம்தானேடீ வருது. இருநூறு குறையுதே.

— ஆமாங்க.

— இருநூறுன்னா... ஒரு பிள்ளைக்கு இருபதுன்னு... பத்துப் பிள்ளைங்க படுக்கிற இடம். இந்த ரூம் அளவுக்கு அவனுக்கு நம்மள விடக் கம்மி.

— நீங்க வேணும்னு பண்ணலயே.

— வேணும்னு பண்ணினா என்ன, தெரியாம பண்ணினா என்ன? அவன் முட்டிக்கிட்டு உக்காந்தது நிஜம்தானே? ஆட்டுக்காரர வாயடைச்ச மாதிரி அவனையும் வாயடைச்சிட்டேன். அவன் கண்ணு சரியா பாத்திருக்கு, என் கயிறு பாக்கல. எனக்கு வெக்கமா இருக்குடீ.

— வெக்கப்பட இன்னிக்கு நேரமில்ல. ரெண்டு மணி தாண்டிடுச்சு. இருநூறு சதுர அடிக் கணக்க நீங்க ரெண்டு பேரும் ஒரு நாள் உக்காந்து பேசிக்கலாம். எனக்கு இப்ப வேண்டியது இருபது.

— ராக்கு.

— ராக்குதான். அது கழண்டா இருநூத்திப் பத்து. பத்துப் பிள்ளைக்கு இருநூறு. என் கணக்கு நிக்கும், என் வாக்கும் நிக்கும்.

— ஸ்பேனர எடு. பெருசு. மேல் தட்டுல இருக்கு. சாமானெல்லாம் நீ இறக்கு, வின்ச்ச மட்டும் விடு, கனம்.

— இந்தாங்க.

— நாலு போல்ட்டு. கழட்டிட்டா அலாக்காத் தூக்கிடலாம்... என்னடா இது.

— என்ன?

— கூடவே சுத்துது. முழுசா சுத்துது, கழண்டு வர மாட்டேங்குது.

— வேகமாச் சுத்துங்களேன்.

— வேகம் என்ன பண்ணும்? சுவரு பழசு, ஆணி நிக்காதுன்னு ஊடால துளை போட்டு நீளப் போல்ட்டா மாட்டினோம். நட்டு சுவத்துக்கு அந்தப் பக்கம், அவன் ரூமுல இருக்கு. நட்ட யாராவது அசையாம பிடிச்சாத்தான் இது கழலும்.

— மாட்டினப்ப யார் பிடிச்சது?

— அவன்தான். அப்ப நாங்க சேந்து வேலை பாத்துக்கிட்டு இருந்தோம். நான் இங்க நின்னு சுத்துவேன், அவன் அங்க நின்னு பிடிப்பான்.

— இன்னிக்கும் வீட்லதான் இருக்காரு. பிள்ளைய மடியில வெச்சுக்கிட்டு.

— நீ போய் சொல்லிட்டு வாயேன்.

— நான் போக மாட்டேன்.

— ஆபீசர் வந்துடுவாங்கடீ!

— அதான் சொல்றேன், நேரத்த வீணாக்காதீங்க. அளந்தது நீங்க, பேச்ச நிறுத்தினது நீங்க. பேச வேண்டியதும் நீங்கதான். நான் போய் "உங்க அண்ணன் நட்டப் பிடிக்கச் சொன்னாரு"ன்னா நல்லாவா இருக்கும்?

— வாசல்ல போய் நின்னா அவன் கதவத் தொறப்பானா?

— வாசலுக்கே போக வேணாம். உங்க தொண்டைக்குச் சுவரு பத்தாது. இவ்வளவு நேரம் கத்தினீங்களே, அதுல பாதி போதும்.

— என்னன்னு ஆரம்பிக்கிறது?

— எப்பவும் எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படி.

— நீ எங்கயும் போயிடாத.

— நான் பக்கத்துலயே நிக்கிறேன்.

— ...தம்பி. டேய், தம்பி. நான்தான்டா. நீ அன்னிக்குச் சொன்னது சரி. உன் பக்கம்தான் சின்னது. நான் சுத்தி மட்டும் வந்தேன், உள்ள பாக்கல. பாப்பா கை... பாப்பா நாளைக்கு இங்க வரட்டும். இந்த ராக்கக் கழட்டணும்டா, போல்ட்டு சும்மா சுத்துது, அந்தப் பக்கம் வந்து கொஞ்சம்...

— எல்லாம் கேட்டுதுண்ணா. நட்டப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன், நீ சுத்து.